மருமகளின் பரீட்சையும் எனக்கு வந்த மாலையும்

எங்கள் தெருவில் தறிச் சத்தம் இரண்டு காரணத்துக்குத்தான் நிற்கும். ஒன்று அமாவாசை. இன்னொன்று சாவு. அமாவாசையன்று நெசவுக்காரன் தறிக்குழியில் கால் வைக்க மாட்டான். தெருவில் ஒரு உயிர் போனால், பிணம் தெருமுனையைத் தாண்டும் வரைக்கும் கைத்தறியும் ஓடாது, கரண்டுத் தறியும் ஓடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. நான் கல்யாணமாகி ஆரணிக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு யாரும் போய்ச் சாவுச் செய்தி சொல்ல வேண்டியதில்லை. சத்தம் நின்றால் அவர்களே புரிந்துகொண்டு, தலையை முடிந்துகொண்டு கிளம்பி வருவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் தெரு முழுக்கத் தறியை நிறுத்த வைத்தேன். அன்று அமாவாசையும் இல்லை, யாரும் சாகவும் இல்லை. என் மருமகள் வீட்டில் உட்கார்ந்து காலேஜ் பரீட்சை எழுதினாள்.

அவளை நாங்கள் பெண் பார்க்கப் போனபோது பி.காம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானது, வயிற்றில் பிள்ளை வந்தது, படிப்பு நின்றது. அந்தப் பிள்ளையே இப்போது சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மருமகள் சேவூர் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் வகுப்பில் அழுகிற பிள்ளை இல்லை என்று ஊரில் பேர். ஆனால் பள்ளிக்கூடம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் பட்டம் இல்லாதவர்களை வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். வருகிற கோடை வரைக்கும் தவணை கொடுத்தார்கள்.

அதனால்தான் விட்ட படிப்பைப் பிடித்தாள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைனில் சேர்ந்தாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே யாரோ ஒரு வாத்தியார் சொல்வதைக் கேட்பாள். நான் ஏதாவது கேட்டால் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவாள், இரு என்று. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிப்போனது. ஒவ்வொரு பாடமாகத் தேறினாள். கணக்குப் பாடம் ஒன்று மட்டும் நின்றது.

தேறாமல் நிற்கவில்லை. எழுதவே முடியாமல் நின்றது. இந்தப் பரீட்சை எப்படியென்றால், வீட்டில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அதில் இருக்கிற கேமரா எழுதுகிறவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவள் முகம் ஒன்றுதான் அதில் தெரிய வேண்டும். இன்னொரு முகம் தெரியக் கூடாது. வேறு குரல் கேட்கக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. அதற்குச் சந்தேகம் வந்தால் எச்சரிக்கை கொடுக்கும். இரண்டு எச்சரிக்கை வரை பொறுத்துக்கொள்ளும், மூன்றாவதில் பரீட்சையை மூடிவிடும். எழுந்துவிட்டாலோ எச்சரிக்கையே கிடையாது. உடனே மூடிக்கொள்ளும்.

முதல் தடவை கரண்டு போனது. இரண்டாம் தடவை எதிர்வீட்டுக்காரி மோர் கேட்டுக்கொண்டு நேராக உள்ளே போனாள். எங்கள் தெருவில் வீட்டுக்குள் போக யார் கதவைத் தட்டுகிறார்கள்? "டீச்சரம்மா, இன்னா பண்றே, சினிமா பாக்கறியா?" என்று அவள் லேப்டாப்பைக் குனிந்து பார்த்திருக்கிறாள். அவளை வெளியே அனுப்ப மருமகள் எழுந்தாள். அதோடு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு மருமகள் இருந்த இருப்பை நான் சொல்ல விரும்பவில்லை. கொஞ்சம் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சோறு ஆக்கினாள். ஆனால் பேச்சு இல்லை. சாப்பிடச் சொன்னால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் முட்டிவலியோடு படியேறிப் போய்ப் பார்த்தேன். துணியெல்லாம் கொடியிலேயே இருந்தது. அவள் சுவரோரமாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா பாக்கற?" என்றேன். "ஒண்ணும் இல்ல அத்த, சும்மா" என்றாள். அன்றைக்கு வயிற்றில் புகுந்த பயம்தான். அதன்பிறகு அவள் மாடிப்படி ஏறினால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். என் மகனிடம் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று பயம்.

இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். இதுதான் கடைசி. இதுவும் போனால் படிப்பே ரத்து.

நான் யார் வீட்டு வாசலிலும் போய் நின்று ஒன்றைக் கேட்டவள் இல்லை. என் புருஷன் போனபிறகும் கேட்கவில்லை. தெருவில் என்னிடம்தான் கேட்க வருவார்கள், யோசனையோ, வேப்பிலையோ, வசவோ. அப்படிப்பட்ட நான் வீடு வீடாகப் போனேன். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் கரண்டுத் தறி போட்டிருக்கிறானே, அவன் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவன் தறி ஓடினால் எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் ஆடும்.

"இன்னா ஆயா, காலங்காத்தால? வெத்தல வேணுமா?"

"வெத்தல வாணாம். வர்ற வியாழக்கெழம காலைல உன் தறிய நிறுத்தணும்."

அவன் முகம் மாறியது. "யாரு பூட்டாங்க?"

"வியாழக்கெழம சாவப்போறவங்கள இன்னிக்கே சொல்லிகினு வருவனா? யாரும் போவல. என் மருமவ பரிட்ச எழுதறா. சத்தம் கேட்டா அந்தப் பொட்டி மூடிக்குதாம்."

சிரித்தான். "பரிட்சைக்குத் தறி நிறுத்தறதா! கலெக்டருக்கா படிக்குது?"

"கலெக்டருக்கு இல்ல. நீ நிறுத்துவியா மாட்டியா, ஒரே வார்த்த சொல்லு. உங்கப்பன் இருந்திருந்தா இன்னேரம் சொல்லியிருப்பான்."

"அப்பன இழுக்காத ஆயா. நிறுத்திர்றேன். பாஸ் பண்ணா கேசரி வரணும், நெய்யூத்தி."

ஒருத்தன் நிறுத்துகிறான் என்றதும் மற்றவர்களும் தலையாட்டினார்கள். மோர் கேட்டு வந்தவள் தானே முன்வந்து தன் வீட்டுத் தறியை நிறுத்துவதோடு, நாய்க்கு ரொட்டி போட்டுத் தெருமுனைக்கு ஓட்டிவிடுகிறேன் என்றாள். எல்லோருடைய செல்போனையும் அமர்த்தி வைக்கச் சொன்னேன். என் மகனுக்குத் தறியை நிறுத்தினால் வீட்டில் கால் நிற்காது. அதனால் நெய்து முடித்த புடவையை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று அவனைக் கடைத்தெருப் பக்கம் அனுப்பினேன். அவன் செல்போனையும் நானே வாங்கி அரிசிப்பானைக்குள் வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் யோசித்தேன் என்று நினைத்தேன். என் தெருவைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறேன்.

அன்று காலை மருமகள் தலைகுளித்து, சாமி கும்பிட்டு, உள்ளறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தெருவாசல் படியில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசியில் பக்கத்துச் சுவரும் அடங்கியது. நான் நினைத்தது போல அது நிம்மதியாக இல்லை. வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்குள் கிடந்தவளுக்கு அந்த அமைதி காதை அடைத்தது. எதிர்வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால் எனக்கு நெஞ்சு தூக்கிப்போட்டது. காக்கை கத்தியது, பயந்தேன். எனக்கே இருமல் வந்தது, புடவையை வாயில் அடைத்துக்கொண்டேன். போன மாசம்தான் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தேன். இருமல் வந்தால் லேசில் நிற்காது. நின்றது. கடவுளுக்குக் கண் இருக்கிறது.

அந்த நேரத்தில் பூக்காரி தெருமுனை வரை வந்திருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் போவாள். முனையில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். ஒரு தறியும் ஓடவில்லை. சாவு விழுந்த தெருவுக்குள் பூக்கூடை வந்தால் அந்தப் பூ சாமிக்கு ஆகாது. அப்படியே திரும்பிவிட்டாள். அடுத்த தெருவில் போய், "அந்தத் தெருவுல தறி நின்னுபோச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துச்சே, அந்த ஆயாதான் போயிருக்கும்" என்றிருக்கிறாள். அங்கிருந்து யாரோ சேவூரில் இருக்கிற என் நாத்தனாருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவள் என் மகனுக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. மருமகளுக்குப் போட்டிருக்கிறாள். அமர்த்தி வைத்திருந்தது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நான் பின்கட்டுக்குப் போயிருந்தேன். வயசானவளுக்கு எத்தனை நேரம் அடக்க முடியும்? அங்கே இருக்கும்போதுதான் கேட்டது.

"என் அண்ணன் பின்னால அவசரமாப் போனியே அண்ணீ... சேவூரு ரோட்டுல செருப்பில்லாம ஓடியாந்தேனே... ஒரு வாய் தண்ணி நான் ஊத்தலியே..."

என் நாத்தனார் ஒப்பாரிக்குப் பேர் போனவள். களம்பூரிலிருந்தெல்லாம் ஆள்விட்டு அவளைக் கூப்பிடுவார்கள். தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. என் சாவுக்கு அழுகிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. யாருக்கோ அழுகிறாள், நம் வாசலில் வந்து ஏன் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு 'அண்ணி' என்ற சொல் காதில் ஏறியது. அவளுக்கு நான் ஒருத்திதான் அண்ணி.

சுவரைப் பிடித்துக்கொண்டு, சந்து வழியாக வாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம். மூன்று பெண்களோடு நின்றிருந்தாள். கையில் ஆளுயர மாலை. சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டியது. அடுத்த அடியைப் பாட வாயைத் திறந்தவள் வாயில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

அவள் கண் பிதுங்கியது. கையை எடுத்தேன்.

"அண்ணி?" என்றாள், மூச்சுக்காற்றாக.

"அண்ணிதான். வாய மூடு."

"நீ சாவலியா?"

"சாவல."

"அப்ப யாரு செத்தாங்க?"

"யாரும் சாவல. உள்ள பரிட்ச நடக்குது. பேசாத."

"பரிட்சயா?" அவளுக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது. "நான் வழி பூரா அழுதுகினு வந்தேன் அண்ணி. ஆட்டோக்காரன் காசு வாங்கமாட்டேன்னுட்டான்!"

கூட வந்த ஒருத்திக்குச் சிரிப்பு வந்து முந்தானையைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் மருமகள். அவள் காதில் விழுந்தது ஒப்பாரி மட்டும். வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். போன மாசம் மூச்சு முட்டியபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் அவள்தான். வாசலிலேயே என் உயிர் போய்விட்டது என்று நினைக்கிறாள். எழுந்திருக்கப் போகிறாள். எழுந்தால் மூடிக்கொள்ளும்.

உள்ளே போய் 'இதோ இருக்கிறேன்' என்று முகத்தைக் காட்டலாம் என்றால், இரண்டாவது முகம். குரல் கொடுக்கலாம் என்றால், வேறு குரல். எத்தனை எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருக்கிறதோ தெரியாது. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு முகமும் இல்லை, வாயும் இல்லை. மாடிச் சுவரோரம் அவள் நின்ற நிலை கண்ணுக்குள் வந்தது.

முன்கூடத்தில் தறி இருந்தது.

என்ன நினைத்து இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சாவு வீட்டில் தறி ஓடாது. ஓடினால் சாவு இல்லை. இது அவளுக்கும் தெரியும். தறியை அடித்தால் அதுவும் சத்தம்தான், அதற்கும் எச்சரிக்கை வரலாம். ஆனால் தறிக்குக் குரல் இல்லையே. முட்டி மடங்காது என்று தறியை விட்டுப் பல வருஷமாகிறது. குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே தொங்கவிட்டேன். மிதியைத் தேடிக் கால் துழாவியது. கயிற்றை இழுத்தேன். நூலை இழுத்துக்கொண்டு நாடா குறுக்கே ஓடியது. பலகையை இழுத்து அடித்தேன்.

நாலு அடி அடிப்பதற்குள் முட்டியில் கத்தி இறங்கியது போல இருந்தது. நிறுத்தினேன். உற்றுக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி இரண்டு. நிறுத்தினேன். மறுபடி மூன்று. பிறகு ஒன்றுதான் முடிந்தது.

உள்ளே நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. பிறகு அமைதி. உட்கார்ந்தாளா, எழுந்து நிற்கிறாளா, எல்லாம் முடிந்துபோய்த் தலையில் கை வைத்துக்கொண்டாளா, கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு எதுவும் தெரியாது. குழியிலிருந்து என்னால் ஏறவும் முடியவில்லை. நாத்தனாரும் இன்னொருத்தியும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

மிச்ச நேரம் முழுக்க வாசலில் அந்த மாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவுக்கு வாங்கிய மாலையைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது. சாமிக்குப் போட முடியாது. வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. நாத்தனார் அதை விளக்குக் கம்பத்தில் மாட்டிவிட்டாள். எனக்கென்று கட்டிய மாலை காற்றில் ஆடுவதை நானே பார்த்தேன். பொய்யாகச் சாவுச் செய்தி பரவினால் ஆயுசு கெட்டி என்று சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு யாரும் மாலை வாங்கி வந்ததில்லை. தெருமுனையில் இன்னும் இரண்டு பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினார்கள். அதில் ஒருவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் கூட.

மருமகள் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்கள யாரு அத்த தறில எறங்கச் சொன்னது? அந்த முட்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்று என்னைத் திட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து என் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நாற்காலிய பின்னால தள்ளிட்டேன். எழுந்திரிக்கப் போனேன். தறி கேட்டுச்சு. அவரு அடிச்சா இப்பிடி விட்டு விட்டு அடிக்க மாட்டாரு. நீங்கதான்னு உக்காந்துட்டேன்."

"மூடிக்கலியே?"

"சேவூர் அத்தையோட அழுகைக்கு ஒரு வார்னிங். தறிக்கு ஒண்ணு. அடுத்தது வந்தா மூடியிருக்கும்."

எழுதி முடித்தாள். அப்படியென்றால் பயம் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? நானும் நினைத்தேன். மற்றவர்களுக்கெல்லாம் முடிவு வந்தது. மருமகளுக்கு வரவில்லை. அவள் பேருக்கு நேராக 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் தவணை நெருங்கியது. அவள் மறுபடி பேச்சைக் குறைத்தாள். நான் மறுபடி மாடிப்படி ஏற ஆரம்பித்தேன்.

பிறகு ஒருநாள் தகவல் வந்தது. விசாரணையாம். லேப்டாப்பிலேயே நடக்கும், அன்று வீட்டில் சத்தம் செய்தவர்களும் உட்கார வேண்டும் என்றார்கள். சாட்சிக்குப் பக்கத்துத் தறிக்காரனும் வந்தான், சட்டை மாற்றிக்கொண்டு. நாத்தனாரும் சேவூரிலிருந்து வந்தாள். என் மகன் ஓரமாக நின்றான். நான் நடுவில். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன்.

திரையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. மரியாதையாகத்தான் பேசினார்.

"அன்னைக்குத் தறி அடிச்சது நீங்கதானாம்மா?"

"நான்தாங்க."

"ஏன் அடிச்சீங்க?"

சொன்னேன். அமாவாசையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒரு காகிதத்தைப் பார்த்தார்.

"முதல்ல நாலு சத்தம். அப்புறம் நிறுத்தம். அப்புறம் ரெண்டு. நிறுத்தம். அப்புறம் மூணு. கடைசியா ஒண்ணு. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை இருக்கும்மா. எது சரின்னு எழுதணும். நான் என்ன கேக்கறேன்னு புரியுதா?"

எனக்குப் புரியவில்லை. மருமகள் கையைப் பார்த்தேன். அது புடவை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. பிறகு புரிந்தது. நான் தறியில் அடித்து விடை சொல்லிக் கொடுத்தேன் என்கிறார்கள். முட்டி வலித்த இடத்திலெல்லாம் நான் நிறுத்தினேன். அது அவர்களுக்குக் கணக்காகத் தெரிந்திருக்கிறது. என்னால்தான் போகப்போகிறது. நாத்தனார் அழுததற்கு மன்னிப்பு உண்டு, நான் அடித்ததற்கு இல்லை.

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க மேடம்" என்றாள் மருமகள்.

எங்கள் தறிக்காரன் பார்த்தான். ஆயாவைக் குறைத்துப் பேசுகிறார்களே என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டி முகத்தைக் காட்டினான். "தெரியாதுன்னு யாரு சார் சொன்னது? ஆயா டெய்லி வாசப்படில உக்காந்துகினு பேப்பர் படிக்கும். தெருவுக்கே அதுதான் சார் நியாயம் சொல்லும். எல்லாம் தெரியும் அதுக்கு!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர் எதையோ எழுதினார்.

தினமும் காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு நான் வாசலில் உட்காருவது உண்மை. பெரிய எழுத்தைக் கூட்டிப் படிப்பேன். படம் பார்ப்பேன். மற்றதெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிதான். ஆனால் பக்கத்தைத் திருப்புவேன், தலையை ஆட்டுவேன். கேட்பவர்களுக்கு மகன் ராத்திரி டிவியில் பார்த்துச் சொன்னதைச் சொல்வேன். தெருவில் நான் படித்தவள். நீங்கள் படிக்கிற இந்தக் கதையைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் எனக்குப் படிக்க வராதது அவளுக்கும் தெரியாது என்றுதான் அன்று வரைக்கும் நினைத்திருந்தேன்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?" என்றார் கண்ணாடிக்காரம்மா.

கூடம் முழுக்க ஆள். வாசலில் எதிர்வீட்டுக்காரி தலை தெரிந்தது. சாவதற்குக் கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை.

"ரெண்டாவது" என்றேன். "அதுவும் முழுசா இல்லீங்க. பாதியிலயே ராட்டையில உக்கார வெச்சுட்டாங்க."

"பேப்பர் படிப்பீங்கன்னு சொல்றாரே?"

"படிக்க மாட்டேங்க. படிக்கிற மாதிரி உக்காந்துகினு இருப்பேன்."

தறிக்காரன் மெதுவாகச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் போனான்.

திரையில் ஒரு வரி வந்தது. அன்றைய பரீட்சையிலிருந்து ஒரு கேள்வி. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். தமிழை மட்டும் படிங்கம்மா, முடிந்தவரைக்கும் படிங்க என்றார்கள்.

கிட்டப் போனேன். எழுத்து சின்னது. மருமகள் ஏதோ செய்து பெரிதாக்கினாள். விரலை வைத்தேன். கண்ணாடியில் விரல் படக்கூடாதோ என்று எடுத்தேன். பிறகு வைத்தேன்.

"இ. ய. ந்." நிறுத்தினேன். "தி. இயந்தி. ர. த். தி. ன்."

வியர்வை முதுகில் இறங்கியது. "இயந்திரத்தின். தே. ய். தேய். மா. னம்." இந்தச் சொல் எனக்குத் தெரியும். பட்டறையில் சொல்வார்கள், தங்கத்தில் தேய்மானம் என்று. ஆனால் அதற்கு அடுத்ததைப் படிப்பதற்குள் முதலில் படித்தது மறந்துவிட்டது. மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தேன். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி விரலை வைத்தேன். "க. ண. க். கணக்." அதற்குள் பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

"போதும்மா" என்றார் கண்ணாடிக்காரம்மா. அவர் குரல் மாறியிருந்தது. "மார்க் ஏற்கெனவே போட்டாச்சு. பாஸ்தான். நிறுத்தி வெச்சிருந்தோம், இன்னிக்கே விட்டுடறோம்."

பின்னால் நாத்தனார் ஓவென்று வாயைத் திறந்தாள். எதிர்வீட்டுக்காரி கை தட்டினாள். மருமகள் என் தோளில் முகத்தை வைத்தாள், ஈரமாக இருந்தது. திரையில் அவர்கள் மூன்று பேரும் கிளம்புவதற்காகக் கையைக் கூப்பினார்கள்.

"இருங்க" என்றேன் நான். "சத்தம் போடாதீங்க எல்லாரும். இன்னும் கொஞ்சம் கீது."

கூப்பிய கையோடு அவர்கள் நின்றார்கள். வரி எங்கே விட்டது என்று தேடி விரலை வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், கேள்விக்குறி வரைக்கும் படித்து முடித்தேன்.